கண்டக்டர் சூசை சொன்ன சாட்சி

என் வீட்டுக்காரர் சூசைக்கு வாய் ஜாஸ்தி. கண்டக்டர் வேலைக்கு அது பொருத்தம்தான், வீட்டுக்குத்தான் ஆகாது. ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டாம் வருஷத்தில் ரெட்டியார்சத்திரத்திலிருந்து திண்டுக்கல் போகும் முதல் பஸ்ஸில் ஏறினால் அவர் சத்தம்தான் கேட்கும். "ஏ அப்பு, கோழியத் தூக்கி மடியில வையி. இல்லாட்டி அதுக்கும் டிக்கெட் போட்டுருவேன்!" சனங்கள் சிரித்துக்கொண்டே இடம் விடுவார்கள். காக்கிச் சட்டையும் தோல்பையும் வாயில் விசிலுமாக அவர் படியில் தொற்றி நிற்பது இப்போதும் என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

அந்த பஸ்ஸில் தினமும் பூக்கூடையோடு ஏறுவாள் சிவனம்மாள். புருஷனை இழந்தவள். வழியெல்லாம் மல்லிகை கட்டிக்கொண்டே வந்து திண்டுக்கல்லில் விற்பாள். ஏறியதும் டிரைவர் தலைக்கு மேலிருக்கும் முருகன் படத்துக்கு ஒரு சரம் போடுவாள். பிறகுதான் வண்டி கிளம்பும். படத்துக்குப் பூப் போடுகிறவளிடம் காசு வாங்கினால் வண்டிக்கு ஆகாது என்பது அந்தத் தடத்து வழக்கம். அதனால் அவளுக்கு டிக்கெட் கிடையாது. இது முதலாளிக்கும் தெரியும்.

ஒரு நாள், போட்டிக் கம்பெனி பஸ்ஸை முந்துகிறேன் பேர்வழி என்று டிரைவர் விரட்டியதில் வண்டி புளியமரத்தில் மோதிப் பள்ளத்தில் சாய்ந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. சிவனம்மாளுக்கு மட்டும் வலது கை கம்பிக்கிடையில் நசுங்கிவிட்டது. பூக்கட்டுகிற கை. அப்புறம் அந்த விரல்கள் மடங்கவே இல்லை.

நஷ்டஈடு கேட்டுக் கோர்ட்டுக்குப் போனாள். "டிக்கெட்டும் இல்லை, கூலியும் இல்லை. ஓசியில் ஏறியவளுக்குக் கம்பெனி எப்படிப் பொறுப்பாகும்?" என்று கம்பெனி வக்கீல் அடித்துப் பேசினார்.

"அந்தப் பூதான்மா பஸ் கூலி. அத மட்டும் சொல்லிருங்க, கேசு நம்ம பக்கம்," என்று அவளுடைய வக்கீல் தலைகீழாக நின்று சொல்லிக் கொடுத்திருந்தார். சிவனம்மாள் கூண்டில் ஏறி, "சாமிக்குப் போட்டதக் கூலின்னு எப்பிடிங்கய்யா சொல்லுவேன்? அது எம் பிரியத்துல போட்டது," என்றுவிட்டாள். வீட்டுக்காரரோடு கோர்ட்டுக்கு வந்திருந்த எனக்கு அவளை நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது. தன் சோற்றில் தானே மண்ணைப் போட்டுக்கொள்வாளா ஒருத்தி!

அடுத்து என் வீட்டுக்காரர் சாட்சி. "கூட்டத்துல எனக்குத் தெரியாம அவ ஏறிட்டான்னு சொல்லு. இல்ல, வேலை இருக்காது," என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார்.

வேதபுத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். பிறகு ஜட்ஜைப் பார்த்து, "சாமி பூ வேறங்கய்யா. டிக்கெட்டுக்குப் பதிலா இந்தம்மாகிட்ட தெனமும் ஒரு முழம் வாங்கிக்குவேன். எம் பொஞ்சாதிக்கு மல்லியப்பூன்னா உசுரு," என்றார்.

கோர்ட்டே திரும்பி என்னைப் பார்த்தது. அடப்பாவி மனுஷா! கல்யாணமான நாளிலிருந்து ஒரு முழம்கூட வாங்கி வந்தவரில்லை.

கூலி வாங்கித்தான் ஏற்றியிருக்கிறார்கள், கம்பெனிதான் பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. நஷ்டஈட்டை வைத்துச் சிவனம்மாள் பூக்கடை போட்டு, கட்டுவதற்கு ஆளும் வைத்துக்கொண்டாள். இவருக்கு வேலை போயிற்று. சத்தியம் பண்ணிப் பொய் சொன்ன குடும்பம் விளங்குமா என்று நான் ஆடித் தீர்த்துவிட்டேன்.

சனிக்கிழமை மாதா கோயிலுக்குப் போய், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தார். வாசலில் நின்றபடியே ஒரு வாழையிலைப் பொட்டலத்தை நீட்டினார். பிரித்தால் மல்லிகை.

"வேலை வெட்டி இல்லாத மனுசனுக்கு இது ஒண்ணுதான் கொறச்சலா?"

"நான் என்னடி செய்ய? சொன்ன பொய்ய நெசமாக்கச் சொல்லிட்டாரு சாமியாரு. தெனமும் ஒரு முழம். அதுதான் பொய் சொன்ன பாவத்துக்கு அபராதம்."

மூட்டை தூக்கினார், மாவு மில்லில் நின்றார், அப்புறம் ஒரு லாரி ஆபீசில் ஒட்டிக்கொண்டார். என்ன கஷ்டத்திலும் பூ மட்டும் தப்பாமல் வந்தது. கடைக்குட்டி பிறந்த வருஷம் நானே பொறுக்கமாட்டாமல் கேட்டேன், இந்த அபராதம் எப்போதுதான் தீரும் என்று.

"எம்புட்டு நாளைக்குன்னு கேக்க மறந்துட்டேன்டி," என்றார்.

கடைசி வரைக்கும் அவர் போய்க் கேட்கவே இல்லை.