சுஜாவின் வருகை

உலகம்மாள் வலது கைப் பெருவிரலை முதலில் சேலைத் தலைப்பில் துடைப்பாள். அது போதாது. விடியலிலிருந்து அரிசி களைந்து, வெங்காயம் உரித்து, பாத்திரம் தேய்த்து ஊறிய விரல் அது. நுனி வரிவரியாகச் சுருங்கியிருக்கும். ஈர விரலைப் போன் மதிக்காது. அதனால் வாயருகே கொண்டுபோய் இரண்டு ஊது ஊதுவாள். பிறகு காதுக்கு மேலே முடிக்குள் ஒரு இழுப்பு. எண்ணெய்ப் பசை லேசாக ஏறியதும், அரிசி டின்மேல் சாய்த்து வைத்திருக்கும் போனைத் திறப்பாள். ஒன்பதாம் வகுப்புக் குழுவில் எலிசாள் டீச்சர் "காலை வணக்கம், வருகையைப் பதியவும்" என்று போட்டிருப்பார். அதன் கீழே, நிமிர்ந்து நிற்கும் மஞ்சள் கட்டைவிரல் படத்தை அமுக்குவாள். போய்ச் சேர்ந்ததற்கு ஒரு சின்னச் சத்தம் வரும். அதைக் கேட்ட பிறகுதான் அடுத்த வெங்காயம்.

சுஜா வகுப்புக்கு வந்துவிட்டாள்.

அந்த நேரத்தில் மகள் சுஜா, பிழைக்க வந்த மலையாள ஊரில் கரமனை ஆற்றுப் பக்கத்து ஒற்றை அறையில் பாயைச் சுருட்டிக்கொண்டிருப்பாள். வீட்டிலிருந்த ஒரே நல்ல போன் கணவன் நெல்லையப்பனோடு கொல்லத்துக்கு டைல்ஸ் ஒட்டப் போயிருந்தது. மகளுக்குப் படிப்பு முக்கியம்தான். ஆனால் காண்டிராக்டர் அழைப்பது அந்தப் போனில்தான். அவன் என்ன செய்வான், பாதியாக உடைத்தா கொடுக்க முடியும்?

அரிசி டின்மேல் இருக்கும் போன் கடைக்குச் சொந்தம். ஆரியசாலையில் மிளகாய் மண்டிக்கும் கயிற்றுக் கடைக்கும் நடுவே வேலப்பன் நடத்தும் சாப்பாட்டுக் கடை. தொற்றுக் காலத்தில் உட்கார்ந்து சாப்பிடத் தடை, பார்சல் மட்டும். வாசல் பலகையில் எழுதியிருந்த எண் இந்தப் போனுடையது. இரவு கடை சாத்தியதும் வேலப்பனின் சட்டைப் பையில் ஏறி அவர் வீட்டுக்குப் போய்விடும்.

ஜூன் மாதம் உலகம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, அவர்தான் மலையாளம் கலந்த தமிழில் அந்த எண்ணை வகுப்புக் குழுவில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். "பிள்ளைக்குப் படிப்பு காரியமில்லையா, சேத்துக்கோ. பக்ஷே ஓர்டர் வந்தா ஓர்டர்தான் முதல்ல, கேட்டா?"

சுஜாவையே கடைக்குக் கூட்டிவந்து பார்த்தாள். இரண்டாம் நாளே சுகாதாரத் துறை ஆள் எட்டிப் பார்த்து, "அடுக்களையில எந்தினா குட்டி?" என்று, பிள்ளைக்கு இங்கே என்ன வேலை என்பதுபோல் கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு வேலப்பனின் முகத்தைப் பார்த்தவள் மறுநாள் மகளைக் கூட்டிவரவில்லை.

பிறகு பாடத்தை உலகம்மாளே சுமந்தாள். டீச்சர் குரல் பதிவாகவும் வீடியோவாகவும் அனுப்பும் விளக்கத்தை உரித்தபடியே கேட்பாள். ஊரில் ஐந்து வரை படித்தவள். மகளின் பள்ளி தமிழ்வழிதான்; தமிழ் அவளுக்கு வாசிக்க வரும், எழுத வரும். டீச்சர் படம் பிடித்துப் போடும் கேள்விகளைப் பார்சல் கட்டும் தாளின் பின்பக்கம் எழுதி, மடித்து இடுப்பில் செருகிக்கொள்வாள். சுஜா மாலையில் பதில் எழுதுவாள். மறுநாள் உலகம்மாள் அந்த நோட்டைக் கடைக்குக் கொண்டுவந்து போனில் படம் எடுத்து அனுப்புவாள். ஒருமுறை அது தவறித் தைக்காட்டிலிருந்து சாப்பாடு வாங்கும் ஒருவருக்குப் போய்விட்டது. அவர் ஒரு கணக்கைத் திருத்தி அனுப்பிவிட்டு, கீழே இரண்டு மீல்ஸும் கேட்டிருந்தார்.

"வட்ட மையத்திலேர்ந்து நாணுக்குச் செங்குத்தா ஒரு கோடு வரைஞ்சா, அந்தக் கோடு நாணை..." என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மணி அடிக்கும். "மூணு மீல்ஸ், ஒரு ஆம்லெட், மோர் கூடுதல்." அழைப்பு முடிந்து திரும்பி வந்தால், அந்தக் கோடு நாணை என்ன செய்தது என்று மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும். அதற்குள் இன்னொரு மணி.

ரசம் கூட்டும் சுடலைக்கண்ணுவுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. "யக்கா, பத்தாங்கிளாஸ் பரீட்சைக்கு நீயே போயிரலாம் போலுக்கே. பாஸாயிட்டா எனக்கு ஒரு பேனா வாங்கித் தா."

"போலே, உன் ரசத்தப் பாரு. பொங்கி அடுப்ப அணைச்சிரப் போவுது."

விரலை அமுக்க ஆரம்பித்தது பயத்தில். வராத பிள்ளைகளைப் படிப்பை நிறுத்தியவர்கள் கணக்கில் எழுதிவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொன்னார்கள். போகப் போகப் பயம் வேறொன்றாக மாறியது. கடையில் அவள் விடியலிலேயே நிற்கிறாள். போன் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆகவே குழுவில் முதல் விரல் எப்போதும் சுஜாவுடையது. "இன்னைக்கும் சுஜாதான் மொத ஆளு" என்று டீச்சர் குரல் அனுப்பிய நாளில், உலகம்மாள் அதைச் சுடலைக்கண்ணுவின் காதில் வைத்துக் கேட்க வைத்தாள். சுஜாவிடம் மட்டும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவளே யோசித்ததில்லை.

ஆடி முடிவதற்குள் சுஜாவுக்குச் சலித்துவிட்டது. அன்று மாலை உலகம்மாள் டம்ளரைக் கவிழ்த்து வட்டம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்தா, இது மையம். இங்கேருந்து கோடு வருதுல்லா? அது நாண ரெண்டா வெட்டுது."

"சரி, எதுக்கு வெட்டுது?"

"எதுக்கா? வெட்டும்னு டீச்சர் சொன்னாவ."

"அம்மா, அது ப்ரூவ் பண்ணணும். டீச்சர் போர்டுல காட்டியிருப்பாங்க. வீடியோல உண்டாவும்."

"வீடியோ ஓடும்போது ஆர்டர் வந்துட்டுளா."

சுஜா தாளை மடித்துத் தள்ளி வைத்தாள். சத்தம் போடவில்லை, போட்டிருந்தால்கூடத் தேவலை. "சாலைல ஃபேன்ஸி ஸ்டோர்ல ஓணத்துக்கு ஆள் எடுக்காங்களாம். ஞான் போட்டே? இது எனிக்குப் புடி கிட்டல."

போகட்டுமா என்று கேட்கக்கூட மகளுக்கு மலையாளம்தான் வந்தது. அவள் அப்படித் தாவும்போதெல்லாம் உலகம்மாளுக்குக் கதவு சாத்துகிற மாதிரி இருக்கும். அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு. கடைக்குப் போன பெண் திரும்பிப் பள்ளிக்கூடம் போனதை அவள் பார்த்ததில்லை. அவள் கூடப் படித்தவர்களில் ஒருத்திகூட இல்லை. அவளும் இல்லை.

அந்த வாரத்தில்தான் டீச்சரின் குரல் வந்தது. பழைய மாணவர் சங்கம் ஒன்பதாம் வகுப்புக்கு ஐந்து போன் தருகிறதாம். வீட்டில் வசதியில்லாத பிள்ளைகளுக்கு. உலகம்மாள் அடுப்பைத் தணித்தாள். சுடலைக்கண்ணுவைக் கையமர்த்தினாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, விரலைத் துடைக்கக்கூட மறந்து நின்றாள்.

டீச்சர் ஒவ்வொரு பெயராகச் சொன்னார். ஐந்தும் முடிந்தது. இன்னும் ஒன்று இருக்கும் என்று உலகம்மாள் காத்திருந்தாள்.

"கிளாசுக்கு ரொம்பக் கொறவா வந்த பிள்ளைங்களாப் பாத்துதான் குடுத்திருக்கேன். கிட்டினவங்க இனிமே ஒழுங்கா வரணும். நம்ம சுஜாவப் பாருங்க, ஒருநாள் விட்டதில்ல. அவளை மாதிரி வரணும்."

சுடலைக்கண்ணு சிரிக்க வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்து அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்று ஒரு பார்சலில் சாம்பாரே இரண்டு பொட்டலம் போயிற்று, ரசம் போகவில்லை. வேலப்பன் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தாடையைச் சொறிந்தார்.

"நீயல்லே தினமும் விரல் குத்தினது? பின்னே அவங்க எங்ஙனே அறியும், உன் வீட்டுல போன் இல்லைன்னு?"

"வரலன்னு போட்டா பேர வெட்டிருவாவன்னு நெனச்சேன் அண்ணாச்சி."

"இப்போ போய்ச் சொன்னா, கள்ளத்தனம் பண்ணின்னு வெட்டுவாங்களோ என்னவோ."

அவர் பயமுறுத்தச் சொல்லவில்லை. வாயில் வந்ததைச் சொன்னார். ஆனால் உலகம்மாள் உடனே கடைப் போனை எடுத்தாள். கொல்லத்துக்குக் கூப்பிட்டாள். நெல்லையப்பன் பின்னால் டைல்ஸ் அறுக்கிற சத்தத்தோடு கத்தினான்: "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரி. வந்த பேரும் போயிரும்." அவள் சும்மா இருந்து பார்த்தாள். வெங்காயம் உரித்தாள், உரித்ததையே மறுபடி உரித்தாள். வாசலுக்கும் அடுக்களைக்கும் காரணமில்லாமல் நடந்தாள். காலையில் டீச்சரின் வணக்கம் வந்ததும் விரல் தானாகத் தலைப்புக்குப் போயிற்று. அமுக்கினாள். அந்தச் சின்னச் சத்தம் அன்று நாராசமாகக் கேட்டது.

போன் கொடுக்கிற நாளன்று, மீன் வாங்கிவிட்டு வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.

வராந்தாவில் ஒரு மேஜை. சங்கத்து ஆள் ஒருவர் ஒவ்வொரு பிள்ளையையும் பெட்டியோடு நிறுத்திப் படம் எடுத்தார். உலகம்மாள் குழாயடியில் ஒதுங்கி நின்றாள். எலிசாள் டீச்சரைக் குரலாகத்தான் தெரியும். அந்தக் குரலுக்கு உயரமான, கனத்த ஒரு அம்மாளை அவள் நினைத்து வைத்திருந்தாள். வந்தவர் சின்ன உருவம், இளவயது. முகக் கவசத்தின் ஆவி ஏறி ஏறிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேயிருந்தார். நான்கு பிள்ளைகள் வந்து வாங்கிப் போனார்கள். சங்கத்து ஆளும் வண்டியைக் கிளப்பினார்.

"டீச்சர், நான் சுஜாவோட அம்மை."

"சுஜாவா! அவளையும் கூட்டிட்டு வந்திருக்கப்படாதா? என் கிளாஸ்ல மொத ஆளு அவதான் பாத்துக்கிடுங்க."

"அவ வரல டீச்சர்."

"இன்னைக்கு வேற வேலையா?"

"இன்னைக்கு இல்ல. ஒருநாளும் அவ வரல. நாந்தான் வந்தேன்."

டீச்சருக்குப் புரியவில்லை. உலகம்மாள் சொன்னாள்: கடை, அரிசி டின், பார்சல் தாள், நோட்டு. சொல்லச் சொல்ல வேகம் கூடி, ஒன்றையே இரண்டு தரம் சொன்னாள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அப்ப வீட்டுப்பாடம்?"

"எழுதுனது அவதான் டீச்சர், என் கண்ணாண. கேள்விய நான் கொண்டுபோவேன், பதில நான் கொண்டுவருவேன்."

"அதுதான் படத்துல எல்லாம் மஞ்சப்பொடியா? பிள்ளைய வீட்டுல சமைக்கப் போட்டிருக்காங்கன்னு நெனச்சு, உங்கள ஏசணும்னு வச்சிருந்தேன்." சிரிப்பு வந்து பாதியில் நின்றது. "ஒரு வார்த்த சொல்லப்படாதா? பேரு எழுதும்போது யாரெல்லாம் இல்லன்னு யோசிச்சு யோசிச்சு எழுதினேன். உங்க பிள்ள பேரு மனசுல எட்டிக்கூடப் பாக்கல. பாக்க விடாமப் பண்ணிட்டீங்களே."

"பேர வெட்டிருவாவன்னு..."

"யாரு வெட்டுவா?"

உலகம்மாளின் கண் மேஜைக்குப் போயிற்று. மேஜையில் ஐந்தாவது பெட்டி இருந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று மரத்தைப் பார்த்தாள், கேட்டைப் பார்த்தாள். கண் பெட்டிக்கே திரும்பி வந்தது.

"அது பிரவின்ராஜுக்கு" என்றார் டீச்சர். "ஜூன்லேருந்து ஒரு நாள்கூட வராத பையன். கூப்பிட்டா சுவிட்ச் ஆஃப். அவன் பேரத்தான் மொதல்ல எழுதினேன். மெசேஜ் போட்டிருக்கு, வருவான்."

ஒரு நாள்கூட வராத பையன். விரல் அமுக்கக்கூட ஆளில்லாத வீடு. அந்த வீட்டை நினைத்ததும், அந்தப் பெட்டியைத் தாருங்கள் என்று கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அவள் போகவில்லை. கேட் கிறீச்சிடும்போதெல்லாம் திரும்பினாள். அவன் வந்துவிடக் கூடாது என்று நினைத்தாள். நினைத்ததற்காகத் தன் தொடையிலேயே கிள்ளிக்கொண்டாள். அடுத்த கிறீச்சுக்கு மறுபடி நினைத்தாள். தபால்காரர் வந்தார். ஒரு ஆடு வந்தது. கடையில் மதியப் பார்சல் குவிந்திருக்கும், வேலப்பன் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

கடைசியில் கேட்டேவிட்டாள். "அவன் வரலன்னா டீச்சர்?"

"வரலன்னாலும் அவன் பேருக்கு உள்ளது. எழுதிக் குடுத்தாச்சு. நாளைக்கு அவன் வந்து நின்னா நான் என்ன சொல்ல?" குரல் தாழ்ந்தது. "இனிமே சுஜா வரலன்னே போடுதேன். நீங்களும் அமுக்காதீங்க. இன்னொரு தரம் யாராவது தந்தா, அவ பேருதான் மொதல்ல. சரியா?"

சரி என்று தலையாட்டிவிட்டு, மீன் வாங்காமலே கடைக்கு ஓடினாள்.

சுஜாவிடம் அன்று மாலை எல்லாவற்றையும் சொன்னாள். "ஞான் ஃபர்ஸ்ட்டா? டெய்லியா?" என்று சுஜா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், "அப்போ எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு இப்பத்தான் அவங்களுக்குத் தெரியும்" என்றாள். இரண்டு நாள் கழித்து ஃபேன்ஸி ஸ்டோரில் வளையல் பிரிக்கப் போனாள். உலகம்மாள் தடுக்கவில்லை, தடுத்தால் பதிலுக்கு எதைக் கொடுப்பாள்? காலையில் டீச்சரின் வணக்கம் வரும். அவள் கையைக் கழுநீருக்குள் அழுத்தி வைத்துக்கொள்வாள். இன்னொரு தரம் யாரும் எதுவும் தரவில்லை.

நவம்பரில் பள்ளிக்கூடம் திறந்தது. உலகம்மாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, ஃபேன்ஸி ஸ்டோர்க்காரரிடம் தானே போய்ப் பேசி, மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வகுப்பு வாசலில் விட்டாள். சுஜா போனாள். வட்டமும் நாணும் எப்போதோ முடிந்து வேறெங்கோ போயிருந்தன. டீச்சர் அவளை முன்பெஞ்சில் உட்கார வைத்தார். பத்து தாண்டுவாளா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

பிரவின்ராஜின் அப்பா டி.சி. கேட்டுப் பள்ளிக்கு வந்தது அதற்கும் பிறகு, கிறிஸ்துமஸ் சமயத்தில். மே மாத ஊரடங்கிலேயே அவர்கள் சங்கரன்கோவில் பக்கம் ஊரோடு போய்விட்டிருந்தார்கள். பையன் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தான். படிக்க அவன் மாமா புதுப் போன் வாங்கிக் கொடுத்திருந்தார். எலிசாள் டீச்சர் அலமாரியைத் திறந்து பார்த்தபோது, அவன் பெயர் ஒட்டிய பெட்டி பிரிக்கப்படாமல் அங்கேயே இருந்தது.