ஷமீமாவின் நோட்டில் நான் சொன்ன பொய்

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் இல்லை. பத்திரிகை ஆபீஸிலிருந்து போன் போட்டுக் கேட்டார்கள். ‘வைரல் காய்ச்சல்’ என்று சொன்னேன்.

பொய்.

எனக்குக் காய்ச்சலும் இல்லை, தலைவலியும் இல்லை. ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில், ஈரப் புடவையோடு உட்கார்ந்து பயத்தில் நடுங்கிக்கொண்டிருந்தேன். அந்த நடுக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை. பின்னால் யாராவது ஸ்டூலை இழுத்தால்கூட எழுந்து நின்றுவிடுகிறேன்.

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு என் வீட்டுக்காரரைத் தெரியும். ரிட்டயர்டு பி.டி. வாத்தியார். ஊருக்கே ‘பி.டி. சார்’. தினமும் விடிந்ததும் கழுத்தில் விசிலோடு மைதானத்துக்குப் போய்விடுவார். போலீஸ் செலக்‌ஷனுக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஓட்டமும் கயிறு ஏறுவதும் சொல்லித்தருகிறார். அறுபத்திரண்டு வயதில் தொப்பை கிடையாது. அதில் அவருக்கு இருக்கிற பெருமை... கேட்காதீர்கள்.

தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. அவருக்குப் பன்னிரண்டு வருஷமாக சுகர்.

யாருக்கும் தெரியக்கூடாது என்று கட்டளை. தென்காசி லேபில் ரத்தம் கொடுக்க மாட்டார். யாராவது பார்த்துவிட்டால்? பஸ் பிடித்து செங்கோட்டை போய்க் கொடுத்துவிட்டு வருவார். மாத்திரை இருப்பது ஃப்ரிட்ஜ் மேல், ஒரு பழைய பால் பவுடர் டின்னில். “சுகர்காரன் பின்னால எவன்டி ஓடி வருவான்?” என்பார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

இனி ஷமீமா. எங்களுக்கு எதிர்வீடு. அப்பா துபாயில். பி.எஸ்ஸி. முடித்த பெண். இங்கே பக்கத்தில் ஒரு கல்லூரியில் இந்த வருஷம் புதிதாக ஒரு மேற்படிப்பு தொடங்கியிருக்கிறார்கள் — பிசிஷியன் அசிஸ்டன்ட். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. நோயாளியை முதலில் விசாரித்து, பரிசோதித்து, எழுதி, டாக்டரிடம் கொண்டுபோய்ச் சொல்கிற ஆள். ஷமீமா முதல் பேட்ச்.

தொடக்க விழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஷமீமாவின் அம்மா எழுந்து, “இத படிச்சா எம்புள்ள வாசல்ல டாக்டர்னு போர்டு மாட்டலாமா?” என்று கேட்டார். “மாட்டவே கூடாதும்மா” என்றார் பாடம் நடத்தப்போகிற டாக்டர் மேடம். அரங்கமே சிரித்தது. நான் மேடையில் நாலு நல்ல வார்த்தை பேசினேன். மனசுக்குள் என்ன ஓடியது தெரியுமா? நாளைக்கு இந்தப் பிள்ளைகள் கையிலா நம் உயிர்? நிஜமாகவே பயந்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். ஷமீமா நோட்டும் கையுமாக வந்தாள். தெருவில் பத்துப் பேரிடம் ‘ஹிஸ்டரி’ எடுத்து வர வேண்டுமாம். அதாவது பேர், வயது, என்ன நோய், என்ன மாத்திரை, எப்போது சாப்பாடு — எல்லாம் கேட்டு எழுத வேண்டும்.

“சார், உங்களுக்கு சுகர், பிரஷர் ஏதாச்சும் இருக்கா?”

“எனக்கா? ஏட்டி, என்னப் பாத்தா அப்படியா தெரியுது?” என்று கையை மடக்கிக் காட்டினார் இவர்.

“மாத்திரை எதுவும் சாப்பிடுதீங்களா சார்?”

“ஒண்ணும் கெடையாது. எழுதிக்கோ.”

அவள் தலைக்கு நேர் மேலே அந்த டின். அவள் என் பக்கம் திரும்பினாள். “நெசமாவா பெரிம்மா?”

நான் என்ன செய்தேன்? “ஆமாட்டி, அவருக்கென்ன, கல்லு மாதிரி இருக்காரு” என்று சொல்லி, அவள் முன்னால் காபியை வைத்தேன். ‘நோய் எதுவும் இல்லை. மாத்திரை எதுவும் இல்லை’ என்று எழுதி, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். பாடப் பயிற்சிக்குத்தானே... யாருக்கு என்ன நஷ்டம்?

சாரல் ஆரம்பித்தது. ஐந்தருவியில் நல்ல தண்ணீர் என்று செய்தி வந்தது. சனிக்கிழமை காலை கிளம்பினோம். லீவுதானே என்று ஷமீமாவும் எங்களோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

குற்றாலத்தில் இவருக்கென்று ஒரு சட்டம் உண்டு. அருவியில் வெறும் வயிற்றோடுதான் குளிக்க வேண்டும். முதலில் எண்ணெய்த் தேய்ப்பு, பிறகு குளியல், அப்புறம்தான் இட்லி. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான். கிளம்புகிற நேரத்தில் டின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. சாப்பாட்டோடு போட வேண்டிய மாத்திரை. வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு வருகிறார். எனக்கு உறைக்கவே இல்லை.

அன்றைக்குக் கூட்டமான கூட்டம். எண்ணெய் தேய்க்கவே முக்கால் மணி நேரம். அருவிக்கு வரிசை அதற்கு மேல். பெண்கள் பக்கம் நானும் ஷமீமாவும் குளித்து வெளியே வந்தபோது, டீக்கடை முன்னால் ஒரு கும்பல். நடுவில் ஒரு குரல்.

“ஏலே, லைன்ல நில்லுலே! இடது வலது தெரியாதா?”

என் வீட்டுக்காரர். இடுப்பில் ஈரத் துண்டு. முன்னப்பின்னத் தெரியாத டூரிஸ்ட்காரர்களை வரிசையில் நிற்கச் சொல்லி மிரட்டுகிறார். இல்லாத விசிலை வாயில் வைத்து ஊதுகிறார். கண் எங்கேயோ இருக்கிறது. கால் பின்னுகிறது.

“காலையிலேயே ஊத்தியாச்சு போல” என்று ஒருவர் சிரித்தார். இரண்டு பேர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு போலீஸ்காரர் கும்பலை விலக்கிக்கொண்டு வந்து, அப்படியே நின்றுவிட்டார். “நம்ம பி.டி. சாரா? சார்... என்ன சார் இது?” இவரிடம் பயிற்சி எடுத்து வேலைக்குப் போன பையன் அவர்.

முப்பத்தைந்து வருஷமாக டீ, காபியைத் தவிர எதையும் தொடாத மனுஷன்.

ஷமீமா ஓடிப்போய் அவரைப் பிடித்துக் கல்லில் உட்கார வைத்தாள். வாயை மோந்து பார்த்தாள். “குடிக்கல” என்று போலீஸ்காரரிடம் சொன்னாள். “108க்குப் போடுங்கண்ணே. நான் டாக்டர் இல்ல, படிக்கேன். எங்க மேடத்துக்கு நான் போன் போடுதேன்.”

இவர் உடம்பெல்லாம் ஜில்லென்று நனைந்திருந்தது. அது வியர்வையா, அருவித் தண்ணீரா? நடுக்கம் குளிரிலா, வேறு எதிலா? யாருக்குத் தெரியும்? அந்த இடத்தில் எல்லாருமே நனைந்து நடுங்கிக்கொண்டுதான் நின்றார்கள்.

போனை ஸ்பீக்கரில் போட்டாள். “மேடம், அறுபத்திரண்டு வயசு ஆண். பேச்சு குழறுது. சுகர் இல்ல, பிரஷர் இல்ல, மாத்திரை எதுவும் இல்ல மேடம். நானே ஹிஸ்டரி எடுத்திருக்கேன்.”

“சுகர் இல்லையா? நல்லாத் தெரியுமா?” என்றது போன். “அப்போ ஸ்ட்ரோக்கா இருக்கலாம். வாயில எதுவும் குடுக்காதீங்க. ஆம்புலன்ஸ் வரட்டும்.”

என் பொய் என் காதில் விழுகிறது. அவள் வாயிலிருந்து புறப்பட்டு, டாக்டர் வரைக்கும் போய், வைத்தியமாகத் திரும்பி வருகிறது. உடனே கத்தியிருக்க வேண்டாமா நான்? கத்தவில்லை. பன்னிரண்டு வருஷப் பழக்கம் வாயைக் கட்டிவிட்டது. போதாததற்கு அந்தப் போலீஸ்காரர் பக்கத்திலேயே நிற்கிறார். இவருடைய தலை என் தோளில் சாய்கிறது... அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

எவ்வளவு நேரம்? ஒரு நிமிஷம் இருக்கும்.

ஷமீமா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். “பெரிம்மா, இன்னொரு வாட்டி கேக்கேன். சார் காலைல ஏதாச்சும் மாத்திரை போட்டாங்களா? நீங்க சொன்னதத்தான் நான் மேடத்துட்ட சொல்லுதேன்!”

“சுகர் மாத்திரை போட்டாருட்டி... ஒண்ணும் சாப்பிடல.”

ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனை வாயருகே கொண்டுபோனாள். “மேடம், ஹிஸ்டரி தப்பு. நான் தப்பா எழுதிட்டேன். சாருக்கு சுகர் இருக்கு. மாத்திரை போட்டுட்டுப் பட்டினியா இருக்காங்க.”

நான் தப்பா எழுதிட்டேன் என்றாள். கேட்டீர்களா?

“முழிச்சிருக்காரா? விழுங்க முடியுதா? சர்க்கரையத் தண்ணியில கரைச்சு கொஞ்சம் கொஞ்சமாக் குடு. ஒரேயடியா ஊத்தாத.” டீக்கடைக்காரர் சர்க்கரை டப்பாவையே தூக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு மடக்காக அவள் கொடுத்தாள். தாடையில் வழிந்ததைத் துடைத்துவிட்டு மறுபடியும் கொடுத்தாள். நான் சாமி பேர்களை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். திருமலைக்கோயில் முருகனுக்கு என்னவெல்லாம் வேண்டினேன் என்று எனக்கே நினைவில்லை.

பத்து நிமிஷம் கழித்து இவர் தலையைத் தூக்கினார். “ஏன் எல்லாரும் என்னையச் சுத்தி நிக்கிய?”

ஆம்புலன்ஸ் வந்து தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வெறும் வயிற்றில் போட்ட மாத்திரை சுகரை ஒரேயடியாக இறக்கிவிட்டதாம்; மறுபடியும் இறங்கலாம் என்று ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தார்கள். சுகர் ஏறினால்தான் ஆபத்து என்று நினைத்திருந்தவள் நான். வராந்தாவில் ஷமீமா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள். “நான் டாக்டர்ட்ட தப்பான ஹிஸ்டரி சொல்லிட்டேனே பெரிம்மா. சாருக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?”

ஜோசியரிடம் பிறந்த நிமிஷம் வரைக்கும் சொல்கிறோம். டாக்டரிடம் காலையில் போட்ட மாத்திரையைச் சொல்ல மாட்டோம். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் நிற்கிற மாதிரி, நோயையும் பவுடர் பூசித்தான் காட்டுகிறோம். அந்தப் பிள்ளைகளின் அரைகுறைப் படிப்பை நினைத்துப் பயந்தேனே... பயப்பட வேண்டியது என் வாயைப் பார்த்துத்தான்.

இதை எழுதட்டுமா என்று இவரிடம் கேட்டேன். “எழுது. குடிச்சிட்டு விழுந்தாருன்னு ஊரு பேசுததுக்கு சுகரே பரவால்ல” என்றார்.

புதன்கிழமை ஷமீமா அதே நோட்டோடு வந்தாள். பழைய பக்கத்தைக் கிழிக்கவில்லை. ‘நோய் எதுவும் இல்லை’ மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் அவள் கையெழுத்து. “அடிச்சது தெரியணும் பெரிம்மா. அதான் ரூல்” என்றாள். பிறகு பேனாவைத் திறந்து, பேரிலிருந்து ஆரம்பித்தாள்.

“சுகர். பன்னெண்டு வருஷம்” என்றார் இவர், பரீட்சையில் காப்பியடித்து மாட்டிக்கொண்ட பையன் மாதிரி.

“என்ன மாத்திரை சார்?”

நானே எழுந்து, ஃப்ரிட்ஜ் மேலிருந்த டின்னை எடுத்து மேசையில் கவிழ்த்தேன்.

இரண்டு அட்டைகள் விழுந்தன. ஒன்று எனக்குத் தெரிந்த சுகர் மாத்திரை. மற்றது, பாதி தீர்ந்துபோன ஒரு சின்ன அட்டை. நான் இதுவரை பார்த்ததே இல்லை.

ஷமீமா அதைத் திருப்பிப் படித்தாள். அவள் முகம் மாறியது. “சார், இது நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிறது. எத்தன நாளா இருக்கு?”

இவர் என்னைப் பார்க்கவில்லை. மாத்திரை அட்டையைப் பார்த்துக்கொண்டே, “போன வருஷத்துல இருந்து” என்றார்.

நானும் அவரும் சேர்ந்து ஊரை ஏமாற்றுகிறோம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது சரி... உங்கள் வீட்டு டின் எங்கே இருக்கிறது?