பூங்காவுக்குத் தாயம்மா கட்டிய வரி

பட்டாபிராமில் எங்கள் குறிஞ்சி நகர்ப் பூங்காவை நாங்களேதான் பராமரிக்கிறோம். மனையின் அளவைப் பார்த்துச் சங்கம் வரி போடும். புல் வெட்டுவது, மோட்டாருக்குக் கரண்டு, தோட்டக்காரர் சம்பளம் எல்லாம் அதிலிருந்துதான். காசு கொடுக்காதவர்களும் உள்ளே வந்து நடக்கிறார்கள் என்று ரொம்ப நாளாகப் புகைச்சல். கடைசியில் கேட்டுக்குப் பூட்டு, வரி கட்டியவர்களுக்கு மட்டும் சாவி என்று முடிவானது. துபாயில் உட்கார்ந்துகொண்டு இங்கே காலி மனையில் கருவேல முள் வளர்க்கும் புண்ணியவானுக்கும் ஒரு சாவி எடுத்து வைத்தார்கள். அவர் வரியைச் சரியாகக் கட்டிவிடுகிறாராம்.

பூட்டு வந்து விழுந்தது தாயம்மா தலையில். பூங்காவை ஒட்டிய பழைய தெருவில் அவளுக்கு ஒரு ஷீட் வீடு. எங்கள் மனைகள் வயலாக இருந்தபோது அதில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். இவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறாள். காலை ரயிலில் நின்றபடியே தூங்கத் தெரிந்தவள். புருஷன் போன பிறகு மகள் நிஷாவை ஒண்டியாகப் படிக்க வைத்தாள். போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வில் நிஷா தேறிவிட்டாள். இனி ஓட்டத்தில் தேற வேண்டும். போன முறை அதில்தான் கோட்டை விட்டாள். ஓடிப் பழகப் பூங்காவை விட்டால் லாரி ஓடும் சாலைதான்.

பூட்டுச் சேதி கேட்டதும் தாயம்மா, சங்கச் செயலாளர் வேலுசாமியிடம் காசோடு வந்து நின்றாள். நானும் அங்கே இருந்தேன். வேலுசாமி ஆவடித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர், தென்காசிப் பக்கத்துக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் விதி என்று வந்துவிட்டால் விறைத்துக்கொள்வார். வரி மனைக்காரர்களுக்கு மட்டும்தான், வேண்டுமானால் நன்கொடையாக வாங்கிக்கொள்கிறேன், அதற்குச் சாவி கிடையாது என்றார்.

தாயம்மா காசைத் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“நன்கொடை வெளியாளு குடுக்கறது சார். நான் இன்னா வெளியாளா?”

அவர் ரசீதுப் புத்தகத்தை மூடி வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கும் ஒரு சாவி கொடுத்தால் என்ன என்று சங்கக் கூட்டத்தில் கேட்டேன். இன்று ஒருத்திக்குக் கொடுத்தால் நாளைக்குத் தெருவே வரும் என்று என்னை உட்கார வைத்துவிட்டார்கள்.

நிஷா சாலையில் ஓட ஆரம்பித்தாள். இரண்டாம் நாளே ஒரு பைக் உரசி முழங்கை தேய்ந்தது. அதன் பிறகு விடியலில் தாயம்மா சாலையோரம் நின்று, வருகிற வண்டிக்கெல்லாம் செல்போன் வெளிச்சத்தை ஆட்டினாள். ஒவ்வொரு ஹாரனுக்கும் அவள் உடம்பு தூக்கிப் போடும். பால் வாங்கப் போகும்போது பார்ப்பேன்.

ஓட்டத் தேர்வு நெருங்கும்போது ஆடி பிறந்தது. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றப் பழைய தெருக்காரர்கள் வீட்டுக்கு வீடு வரி வாங்குவார்கள். எங்கள் நகரையும் அவர்கள் விட்டதில்லை. இந்த முறை பூசாரி துலுக்கானத்தோடு வரி எழுதும் நோட்டுப் புத்தகமும் கையுமாக வந்தவள் தாயம்மா.

வேலுசாமிக்குச் சொந்த ஊரில் மிஞ்சியிருப்பது ஒரு குட்டிச்சுவர். ஆனாலும் அந்த ஊர்க் கோயில் வரியை முதல் ஆளாக அனுப்பிவிடுவார். ஒருவனிடம் வரி வாங்கவில்லை என்றால் ஊர் அவனைத் தள்ளி வைத்துவிட்டது என்று அர்த்தம் என்பார். அப்படிப்பட்டவர் வாசலுக்கு வந்து ரூபாய் நோட்டை நீட்டினார். தாயம்மாவைப் பார்த்ததும் கை பாதியில் நின்றது.

பூசாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். “இவரு காசு வாணாம் தாயம்மா. அடுத்த ஊட்டுக்குப் போலாம் வா.”

வேலுசாமிக்கு முகம் செத்துவிட்டது. நீட்டிய கையை மடக்கவும் முடியவில்லை. பக்கத்து வாசலில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தாயம்மா அந்தக் கையைப் பார்த்தாள். நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தாள்.

“இத வரின்னு எழுதட்டா சார், நன்கொடைன்னு எழுதட்டா?”

“வரின்னே எழுதும்மா,” என்றார்.

எழுதினாள். “நீயும் இந்த ஊருதான சார். உன்ன எப்பிடி உட முடியும்?” என்று கோபமே இல்லாமல் சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

வேலுசாமி அவளை நிற்கச் சொன்னார். உள்ளே போய்ச் சங்கத்து ரசீதுப் புத்தகத்தையும் துபாய்க்காரருக்கு எடுத்து வைத்திருந்த சாவியையும் கொண்டுவந்தார். பூங்கா வரி என்று தாயம்மா பெயரில் எழுதினார். மனை எண் கேட்ட இடத்தில் பேனா நின்றது. பிறகு அங்கே ‘இந்த ஊர்’ என்று எழுதிக் கிழித்துச் சாவியோடு சேர்த்து நீட்டினார். தாயம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். காசை எண்ணிக் கொடுத்தாள்.

சங்கத்தில் வேலுசாமியைப் பதவி விலகச் சொல்லிக் கத்துகிறார்கள். மனிதர் அசையவில்லை. சாவி கிடைத்த மறுநாள் விடியலில் நிஷா பூங்காவுக்குள் ஓடிக்கொண்டிருந்தாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு தாயம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். அன்றைக்கு அவள் ரயிலுக்குப் போகவில்லை.