கேட்காமல் பார்த்த திரை

ஜெர்மனியில் நான் இருக்கும் சிறு நகரத்து மருந்துக்கடையில், தரையில் ஒரு மஞ்சள் கோடு ஒட்டியிருக்கிறார்கள். முன்னால் நிற்பவர் வாங்கி முடிக்கும்வரை அடுத்தவர் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. வந்த புதிதில் எனக்கு அது தெரியாது. எங்கள் ஊரான கொட்டாரத்தில் நிற்பதுபோல முன்னால் நின்ற பெரியவரின் தோளை ஒட்டி நின்றேன். அவர் மருந்துச் சீட்டைக் கையால் மூடிக்கொண்டார். என்னைத் திருடி என்று நினைத்துவிட்டாரோ என்று வீடு வரும்வரை குறுகுறுப்பாக இருந்தது. நோயின் பெயரைத்தான் மூடினார் என்று கணவர் சொல்லி விளங்கியது. நம்மூரில் யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பிரஷர் என்பது வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் தெரியும். அதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை.

இரண்டு வருடம் மொழி படித்த பிறகு, மருத்துவ அறிக்கைகளை ஒழுங்குபடுத்தும் அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்தது. சேர்ந்த இரண்டாம் மாதம், பெட்ரீப்ஸ்ராட் எனப்படும் ஊழியர் பிரதிநிதிகள் குழுவிலிருந்து ஃபிரௌ கெல்லர் என்ற அம்மாள் ஒரு தாளோடு என் மேசைக்கு வந்தார். வேலை எங்கே தாமதமாகிறது என்று அறிய, நிர்வாகம் இரண்டு வாரம் எங்கள் கணினித் திரைகளைப் பதிவு செய்ய விரும்புகிறதாம். சம்மதம் உண்டு அல்லது இல்லை என்று குறித்துத் தர வேண்டுமாம். நான் படிக்காமலே ‘உண்டு’ என்று குறித்துக் கையெழுத்தும் போட்டேன். படித்தீர்களா என்றார். இடம் மாறிப் போட்டுவிட்டேன் என்று நினைத்து, மன்னிப்புச் சொல்லி வேறொரு தாள் கேட்டேன். அவர் அதைத் தந்துவிட்டு, உங்களுக்கு இதில் விருப்பமா என்று மெதுவாகக் கேட்டார். என்னைச் சோதிக்கிறார் என்றே பட்டது.

“என்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை,” என்றேன், தெரிந்த ஜெர்மனில்.

“நான் அதைக் கேட்கவில்லை,” என்றார்.

வெள்ளிக்கிழமைவரை யோசியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். உட்கார்ந்து யோசித்தபோது எனக்கு ரெஜினாவின் ஞாபகம்தான் வந்தது.

2008-இல் நானும் ரெஜினாவும் நாகர்கோவிலில் ஒரே அலுவலகத்தில் இருந்தோம். அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்பும் குறிப்புகளைக் காதில் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. அவள் வட்டக்கோட்டைக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி, மீன் ஏலம் எடுக்கும் வீட்டுப் பெண். காலையில் எனக்கு முன்பே பேருந்தில் ஏறி, கொட்டாரத்தில் நான் ஏறும்வரை பக்கத்து இருக்கையில் பையை வைத்து இடம் பிடித்திருப்பாள். பிறகு என்னை மேற்பார்வைக்கு உயர்த்தினார்கள். மேலாளர் எல்லாக் கணினிகளிலும் ஒரு மென்பொருளை ஏற்றினார். மற்றவர்களிடம் அது வைரஸ் தடுப்பு என்று சொன்னார். என் திரையில் மட்டும் பதினெட்டுப் பெண்களின் திரைகளும் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரிந்தன. அவர்களிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு நாள் ரெஜினாவின் கட்டத்தில் ஒரு மாத்திரையைப் பற்றிய பக்கம் வெகுநேரம் நின்றது. வலிப்புக்குத் தரும் மாத்திரை. அதைச் சாப்பிடுகிறவர்கள் பிள்ளை பெறலாமா என்று தேடியிருந்தாள். நான் ‘சொந்த வேலை, பதினைந்து நிமிடம்’ என்று சிவப்புக் குறி போட்டு மேலே அனுப்பினேன். என் கணக்கில் அது வீணான நேரம், அவ்வளவுதான். குறியோடு சேர்ந்து போன திரையின் படத்தை மேலாளர் திறந்து படித்தார். ரெஜினாவின் அண்ணனை வரவழைத்து, இங்கே விழுந்து கிடந்தால் நாங்கள் பொறுப்பேற்க முடியாது, வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். சாயங்காலத்துக்குள் அலுவலகம் முழுக்கத் தெரிந்தது. அவளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம். அந்த வீட்டுக்கும் செய்தி போய், பேச்சு நின்றது.

மறுநாள் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுக்க வந்தவள் என் மேசைமுன் நின்றாள்.

“ஏட்டி, நீ பாத்தியா?”

“மெஷின்தான் பாத்துது மக்கா.”

“மெஷினுக்கு வாயி இருக்கா?”

குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். நான் திரையைப் பார்த்தேன். பதினேழு கட்டங்கள் ஓடிக்கொண்டிருந்தன, ஒன்று கறுப்பாக இருந்தது. அதற்குப் பிறகும் இரண்டு வருடம் அந்த நாற்காலியில் இருந்தேன். மற்ற பதினேழு பேரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ‘இல்லை’ என்று குறித்தேன். ஃபிரௌ கெல்லர் என்ன குறித்திருக்கிறேன் என்றுகூடப் பார்க்காமல் தாளை உறையில் போட்டார். வேலை போய்விடுமோ என்று சனி, ஞாயிறு இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. திங்களன்று மேலதிகாரி வழக்கம்போலக் காலை வணக்கம் சொன்னார். அதோடு முடிந்தது. அன்று காபி இடைவேளையில் ஃபிரௌ கெல்லரிடம், ஊரில் நான் பதினெட்டுப் பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லத் தொடங்கினேன். நான் போட்ட ஜெர்மன் சொல்லுக்குக் கவனித்துக்கொள்வது என்றும் பொருள் உண்டு. எவ்வளவு நல்ல காரியம் என்றார் அவர். திருத்திச் சொல்ல எனக்கு மொழி போதுமானதாகத்தான் இருந்தது. சொல்லாமல் காபியைக் குடித்தேன்.

அடுத்த வருடம் விடுமுறையில் ஊருக்குப் போனபோது, ரெஜினா அஞ்சுகிராமத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அந்தச் சாக்கில் போனேன். இரண்டு பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ரெஜினா எழுந்து நாற்காலி போட்டாள். பெண் பார்க்க வந்தவரிடம் வலிப்பைப் பற்றித் தானே சொல்லித்தான் கல்யாணம் செய்துகொண்டாளாம். டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தாராம். மகள் எல்.கே.ஜி. போகிறாள். அந்தச் சிவப்புக் குறியை நான்தான் போட்டேன் என்று சொன்னேன்.

“அப்பமே தெரியும்,” என்றாள். “எனக்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா.”

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பாஸ்போர்ட் படிவத்தைத் திறந்து, திரையை நானும் பார்க்கும்படி திருப்பி வைத்தாள். நிரந்தர விலாசம் கேட்டாள். தம்பி இப்போது இருக்கும் கொட்டாரத்து வீட்டின் எண்ணையும் தெருவையும் சொன்னேன். தட்டிக்கொண்டே வந்தவள் பின்கோடு கேட்டாள். யோசிக்காமல் சொன்னேன். அவள் விரல் நின்றது.

“ஒரு எண்ணு குறையுதே மக்கா.”

நான் சொன்னது ஜெர்மனி வீட்டின் பின்கோடு. அங்கே ஐந்து இலக்கம்தான். கொட்டாரத்தின் எண்ணை நினைவில் தேடினேன். முதல் மூன்று இலக்கங்கள் வந்தன. அதற்கு மேல் வரவில்லை. ரெஜினா அந்த மூன்றையும் தட்டிவிட்டு, மீதிக்காக விசைகளின்மேல் விரல்களை வைத்துக் காத்திருந்தாள்.