அண்ணி போட்ட கட்டளை

எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் அண்ணி ஒரு கோணிச்சாக்கைப் பிரித்துத் தொங்கவிட்டிருந்தார். நான் படுத்திருப்பது தெருவுக்குத் தெரியக் கூடாதென்று நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்து ஆண்ட காலம் அது. அண்ணனைச் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வீட்டில் நானும் அண்ணியும்தான். தண்டவாளம் தூக்கும் வேலையிலிருந்த எனக்கு மலேரியா வந்து, தணிந்து, மறுபடி வந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் இப்படித்தான் பாதிக் காய்ச்சலோடு வேலைக்குப் போனார். திரும்பவும் விழுந்தவர் எழவே இல்லை.

அதைப் பார்த்தும் எனக்குப் படுக்கத் தெரியவில்லை. மீசை வைத்த ஆண்பிள்ளை பாயில் கிடக்க, அண்ணி மண்வெட்டியோடு மரவள்ளித் தோட்டத்துக்குப் போவதை நினைத்தாலே கூசியது. வெளியே காலடிச் சத்தம் கேட்டால் போதும், விறகு பிளப்பவன்போல் கத்தியைக் கையில் எடுத்துக்கொள்வேன். யாரை ஏமாற்றினேனோ! தெருவில் பாதி வீடுகளில் இதே காய்ச்சல்தான். இன்றைக்கும் மத்தியானம் கண்ணயர்ந்திருக்கையில் அழைப்புமணி அடித்தால் சட்டென்று எழுந்து நாளிதழை விரித்துக்கொள்கிறேன். மருமகள் சிரிக்கிறாள்.

"படுங்க தம்பி, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறேன்" என்று அண்ணி கெஞ்சுவார்.

"எனக்கு ஒண்ணுமில்ல அண்ணி" என்பேன், பல் கிடுகிடுக்க.

ஒரு காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்கே கிளம்பிவிட்டேன். அண்ணி வாசலை மறித்தார். இந்த முறை கெஞ்சவில்லை. தினமும் ஜப்பானிய அதிகாரி எங்களை வரிசையில் விறைப்பாக நிறுத்திவிட்டு, பிறகு தளர்ந்து நிற்கச் சொல்லிக் கத்தும் சொல் ஒன்று உண்டு. வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டுக் கேட்டு அண்ணிக்கும் அது மனப்பாடம். அதே அதட்டலோடு அடிவயிற்றிலிருந்து கத்தினார்: "யசுமே!"

என் தோள் தானாகத் தளர்ந்தது. கால் மடங்கியது. பாயில் சரிந்து, சாயங்காலம்வரை அடித்துப்போட்டதுபோல் தூங்கினேன். நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது. வீட்டு மனுஷி கும்பிட்டுச் சொன்னதைக் கேட்காத உடம்பு, அறைந்து அறைந்து பழக்கியவன் சொல்லுக்குப் பணிந்துவிட்டது. அதன்பிறகு அவர் கத்தும்போதெல்லாம் படுத்தேன். அப்படித்தான் பிழைத்தேன்.

உடம்பு தேறி, நான் வேலைக்குப் போய்த் திரும்பிய ஒரு மத்தியானம் அண்ணி பாயில் படுத்திருந்தார். பட்டப்பகலில் அவர் படுத்து நான் பார்த்ததே இல்லை. காற்று வரட்டுமென்று வாசல் சாக்கைச் சுருட்டிக் கட்டியிருந்தார். தெருவே பார்க்கலாம்.

"என்ன அண்ணி, காய்ச்சலா?"

"இல்ல. அசதியா இருந்துச்சு, படுத்துட்டேன்."

வேறு சமாதானம் எதுவும் சொல்லவில்லை. பாவம், இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நான் கேட்டது வேறு.

"அப்ப கிழங்கு யாரு அவிக்கிறது?"

அண்ணி கண்ணைத் திறக்கவில்லை.

"யாருக்குப் பசிக்குதோ அவங்க."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் போய் அடுப்பைப் பற்றவைத்தேன். உப்பு எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. எழுப்பிக் கேட்க முகமும் இல்லை.