பசுவின் வயிற்றில் நீலப் பைகள்

பாகூரில் மளிகைக்கடை வைத்திருந்த ஹபீப் முகமதுவின் மகள் ரசியா, 1986இல் தாவரவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். பாலிதீன் பை மண்ணில் மக்குமா என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட ஆய்வு.

"குப்பையைப் பொதைச்சுப் பாக்குறதுக்கு ஒரு படிப்பா?" என்று ஹபீப் சிரித்தார். ஆனாலும் கடைக்கு வரும் குருவிநத்தம் விவசாயி அரங்கநாதனிடம் பேசி, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இடம் வாங்கிக் கொடுத்தவர் அவரே.

ரசியா பைத் துண்டுகளின் மூலையில் அடையாளத்துக்கு ஓட்டை போட்டுப் புதைத்தாள். பக்கத்திலேயே வாழையிலையும் பருத்தித் துணியும். மழைக்காலம் முடிவதற்குள் இலை மண்ணாகிவிட்டது, துணி நைந்துவிட்டது. பையைக் கழுவித் தராசில் வைத்தால் எடை கொஞ்சமும் குறையவில்லை; மறுபடி புதைத்து வைத்தாள்.

பொங்கல் கழிந்து அரங்கநாதனின் கறவைப்பசு வயிறு உப்பிச் செத்தது. மாட்டு டாக்டர் அறுத்துப் பார்த்தபோது உள்ளே பாலிதீன் உருண்டை. அரங்கநாதனின் மனைவி சின்னபொண்ணு, ரசியாவை வாசலிலேயே மறித்தாள்.

"இன்னாத்துக்கு எங்கூட்டாண்ட கொண்டாந்து பொதைச்ச? மாட்ட சாவடிச்சிட்டியே!"

ரசியா நேரே போய்க் குழிகளைத் தோண்டினாள். புதைத்த துண்டுகள் அப்படியே இருந்தன. பிறகு அந்த உருண்டையைத் தண்ணீர் ஊற்றிப் பிரித்தாள். ஓட்டை போட்ட துண்டு ஒன்றுகூட இல்லை. அதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பாதிக்குமேல் நீலப் பைகள்; அந்த வட்டாரத்தில் நீலப் பை கொடுப்பது அவள் அப்பா கடை மட்டும்தான்.

"என் குழியில இருந்தது இல்லக்கா. ஆனா இது எங்க கடைப் பை. வெல்லம் ஒட்டிக்கினு இருந்திருக்கும், தின்னுடுச்சி."

சின்னபொண்ணு உள்ளே போய்விட்டாள்.

"நான் குடுக்கலன்னா எதிர்க்கடையில குடுக்கப் போறான்" என்றார் ஹபீப், விஷயத்தைக் கேட்டதும்.

"அவங்க மாடு செத்துப்போச்சு அத்தா."

மறுநாள் அவரே குருவிநத்தம் போய் அரங்கநாதனைப் பார்த்துவிட்டு வந்தார். வெல்லத்தையும் சர்க்கரையையும் பழையபடி காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். சிலர் எதிர்க்கடைக்கு மாறினார்கள். கோடை வரை தாங்கினார். பிறகு நீலப் பைகள் மறுபடி ஆணியில் தொங்கின. ரசியா வெகுநாள் அவரோடு சரியாகப் பேசவில்லை.

"மக்கலன்னு எழுதினா, அது ஒரு முடிவாம்மா?" என்று ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியர் கேட்டார்.

"அதான் சார் முடிவு."

மாட்டு வயிற்றில் கண்டதையும் சேர்த்தே எழுதினாள். அவர் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ரசியாவுக்குக் கரையாம்புத்தூர்ப் பள்ளியில் வேலை கிடைத்த பிறகு, ஒருநாள் சந்தையில் சின்னபொண்ணு எதிர்ப்பட்டாள். ரசியா தயங்கி நின்றாள்.

"குழிய இன்னும் மூடல, உன் பையெல்லாம் அங்கயே கெடக்குது" என்றாள் சின்னபொண்ணு. "வந்து பாக்குறதுன்னா பாத்துக்கோ. வேலி மட்டும் நல்லா போட்டுடு. புதுசா மாடு வாங்கியிருக்கோம்."