காருக்கு அடியில் ஒரு ரப்பர் உறை

கடலோரப் புதுப்பட்டினத்திலிருந்து திருக்கழுக்குன்றத்துக்குத் தினமும் காரில் போய் வரும் ஆசிரியை நான். மழைக்குப் பிறகு ஸ்டீயரிங் இறுகத் தொடங்கியதும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். மெக்கானிக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"வண்டி நல்லாத்தான் கீது மேடம். வூட்டுக்காரர வரச் சொல்லுங்க, அவராண்ட பேசிக்கிறேன்."

"அவருக்கு சைக்கிளே ஓட்ட வராது. என்கிட்டயே சொல்லுங்க" என்றேன். சிரித்து அனுப்பிவிட்டார்.

மறுநாள் ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. முழு பலத்தோடு திருப்பியும் ஸ்டீயரிங் பாதியில் சிக்கிக்கொண்டது. பிரேக்கை மிதித்தேன். பஸ் உரசாமல் விலகிப் போனது. ஓரமாக நிறுத்தி, மீட்பு வண்டியை வரவழைத்து அதே ஒர்க்‌ஷாப்பில் காரை இறக்கினேன்.

"லிஃப்ட்ல ஏத்துங்க. அடியில பார்க்காம நான் நகர மாட்டேன்."

ஏற்றினார். சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ராக்கை மண்ணும் தண்ணீரும் அண்டாமல் மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே கடற்கரை மணலும் துருவுமாக இருந்தது.

"டேப் சுத்தினா போதும் மேடம்" என்றார்.

"வேணாம். கெட்டுப்போன ராக்கை மாத்துங்க. ரெண்டு பக்கமும் புது உறை போடுங்க. நான் நின்னு பார்க்கிறேன்."

இப்போதெல்லாம் ஒவ்வொரு சர்வீஸிலும் காருக்கு அடியில் போய், அந்த ரப்பரை நானே தடவிப் பார்க்கிறேன். "சேல அழுக்காயிடும் மேடம்" என்கிறார்கள். துவைத்துக்கொள்வேன்.